தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணைகள்: வாங்குவதும் நிறுத்துவதும் – இந்தியாவின் அனுபவம்

தரையிலோ கப்பலிலோ நிறுத்தப்பட்ட ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு, வானில் வரும் எதிரியின் போர் விமானம், ஹெலிகாப்டர், ட்ரோன், ஏவுகணை ஆகியவற்றை அழிக்கும் ஆயுதமே தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணை ஆகும். 1960 மே 1 அன்று சோவியத் ஒன்றியம் தன் வான்பரப்பில் மிக உயரத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை எஸ்-75 ஏவுகணையால் வீழ்த்தியபோது உலகம் இந்த ஆயுதத்தைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியது. அன்றைக்கு ஏவப்பட்ட ஏவுகணைகளில் ஒன்று, யூ-2 விமானத்தை விரட்டிச் சென்ற சோவியத் மிக்-19 விமானத்தையும் தாக்கியது. அதன் விமானி உயிரிழந்தார். இந்த ஆயுதத்தின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே நாளில் வெளிப்பட்டன.

இந்தியாவில் ஏவுகணைக் கொள்முதல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் தலைப்பில் இடம்பெறுவது தூரம்தான். 25 கி.மீ., 70 கி.மீ., 400 கி.மீ. என்ற எண்கள் வாசகர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. ஆனால் ஒரு நாடு உண்மையில் வாங்குவது ஏவுகணையை மட்டும் அல்ல. வானத்தைப் பார்க்கும் ரேடார், பார்த்ததைத் தெரிவிக்கும் தொடர்பு வலை, முடிவெடுக்கும் கட்டளை மையம், இரவும் பகலும் விழித்திருக்கும் பயிற்சி பெற்ற வீரர்கள், போர் நீண்டாலும் தீராத ஏவுகணைக் கையிருப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே வான் பாதுகாப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றுக்குச் செலவிட்ட பணம் பெரும்பாலும் வீண்.

400 கி.மீ. எப்போது 50 கி.மீ. ஆகிறது?

பூமி உருண்டை என்பதால் ரேடாரின் பார்வைக்கு எல்லை உண்டு. ரேடார் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. 25 மீட்டர் உயரக் கம்பத்தில் பொருத்தப்பட்ட ரேடார், 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தைச் சுமார் 430 கி.மீ. தொலைவிலேயே காண இயலும். அதே ரேடார், தரையை ஒட்டி 50 மீட்டர் உயரத்தில் வரும் க்ரூஸ் ஏவுகணையைக் காண்பது ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில்தான். மலையோ மரக்கூட்டமோ குறுக்கே இருந்தால் அந்தத் தூரம் மேலும் சுருங்கும். ஏவுகணை 400 கி.மீ. பறக்க வல்லதாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாததை அது தாக்க முடியாது.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் க்ரூஸ் ஏவுகணை 50 கி.மீ. தூரத்தை 200 நொடிகளில் கடந்துவிடும். கண்டறிவது, நம்முடையதா எதிரியுடையதா எனச் சரிபார்ப்பது, ஏவுவது, முதல் ஏவுகணை தவறினால் இரண்டாவதை ஏவுவது என எல்லாம் மூன்றே நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும்.

இதனால்தான் உயரத்தில் பறந்தபடி கீழ்நோக்கிப் பார்க்கும் ரேடார் விமானங்களும், நாடெங்கும் பரவிய ரேடார்களை ஒன்றாக இணைக்கும் வலையமைப்பும் இன்றியமையாதவை. இந்திய விமானப்படையில் இந்த வேலையை ஒருங்கிணைந்த வான்வழிக் கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு அமைப்பு செய்கிறது. தரைப்படைக்காக 'ஆகாஷ்தீர்' என்ற அமைப்பை உருவாக்க 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. படங்களில் ஏவுகணை வாகனம்தான் கம்பீரமாக நிற்கிறது. கணினித் திரைகளும் கம்பிவடங்களும் நிறைந்த இந்த ஏற்பாட்டை அணிவகுப்பில் காட்ட முடிவதில்லை. ஆயினும் முதலில் செலவிட வேண்டிய இடம் இதுவே.

எதைக் காப்பது?

இந்தியாவின் பரப்பளவு சுமார் 32.87 லட்சம் சதுர கி.மீ. 25 கி.மீ. வீச்சுள்ள ஆகாஷ் பிரிவு ஒன்று, எல்லாம் சாதகமாக இருந்தால், 2,000 சதுர கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வட்டத்தைக் காக்கும். நாடு முழுவதையும் மூட வேண்டுமானால் 1,600க்கும் மேற்பட்ட பிரிவுகள் தேவைப்படும். எந்த நாட்டுக்கும் அது கட்டுப்படியாகாது. ஆகவே வான் பாதுகாப்பின் முதல் கேள்வி எதை வாங்குவது என்பதல்ல, எதைக் காப்பது என்பதே. விமானத் தளங்கள், கட்டளை மையங்கள், அணு உலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், துறைமுகங்கள், தலைநகரம், களத்தில் நகரும் படைகள் என வரிசை போட்டு, எவை காக்கப்படும், எவை காக்கப்படாமல் விடப்படும் என்பதை அரசு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது பட்டியலைத் தயாரிக்கத்தான் எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை.

காப்பதென்று முடிவு செய்த இடத்திலும் எந்தத் திசையில் காப்பது என்ற கேள்வி எழும். 2019 செப்டம்பர் 14 அன்று சவுதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் ஆலை ட்ரோன்களாலும் க்ரூஸ் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டது. விலையுயர்ந்த பேட்ரியாட் ஏவுகணைகள் அந்நாட்டிடம் இருந்தன. ஆனால் அச்சம் தெற்கே ஏமனை நோக்கி இருந்தது. தாக்குதலோ வடக்குத் திசையிலிருந்து, தாழப் பறந்து வந்தது. சவுதியின் எண்ணெய் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் நின்றுபோனது.

அடுக்கடுக்கான பாதுகாப்பு என்ற கருத்து இங்கிருந்தே பிறக்கிறது. தொலைவில் உயரப் பறக்கும் விமானத்துக்கு எஸ்-400, அதற்குள் சுமார் 70 கி.மீ. வரை நடுத்தர வீச்சு ஏவுகணை, அதற்கும் உள்ளே ஆகாஷ், ஸ்பைடர் போன்றவை, கடைசியாகத் தோளில் வைத்து ஏவும் சிறு ஏவுகணைகளும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் என இந்தியாவின் அடுக்குகள் அமைந்துள்ளன. ஒரு அடுக்கில் தப்புவதை அடுத்த அடுக்கு பிடிக்க வேண்டும்.

வாங்குவதா, செய்வதா?

இந்தியா 1960களில் சோவியத்தின் எஸ்-75 ஏவுகணைகளையும், பின்னர் பெச்சோரா எனப்படும் எஸ்-125 ஏவுகணைகளையும் வாங்கியது. பெச்சோரா பல பத்தாண்டுகள் பணியில் நீடித்தது. இத்தகைய தளவாடத்தை வாங்கும் நாடு, விற்கும் நாட்டுடன் ஒரு தலைமுறைக்கும் மேலான உறவுக்குள் நுழைகிறது. உதிரி பாகம், பழுது பார்ப்பு, மென்பொருள் திருத்தம், புதிய ஏவுகணை என ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டின் வாசலில் நிற்க வேண்டும்.

உள்நாட்டிலேயே செய்யும் முயற்சி 1983இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்தில் வேர்விட்டது. பிருத்வி, அக்னி, நாக் ஆகியவற்றோடு, வான் பாதுகாப்புக்கென ஆகாஷ், திரிசூல் என இரண்டு ஏவுகணைகள் அதில் இடம்பெற்றன. குறைந்த தூரத் திரிசூல் உரிய காலத்தில் தயாராகவில்லை. கப்பல்களைக் காக்க வேண்டிய கடற்படை காத்திருக்க முடியாமல் இஸ்ரேலின் பராக்-1 ஏவுகணையை வாங்கியது. 2008இல் திரிசூல் திட்டம் மூடப்பட்டது. ஆகாஷின் முதல் சோதனை 1990இல் நடந்தது. அது படைகளில் முறையாகச் சேர்ந்தது 2015இல். இடையில் ஓடிய கால் நூற்றாண்டில் எதிரியின் விமானங்கள் மாறிவிட்டன என்ற விமர்சனம் நியாயமானதே.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஆகாஷைச் செய்ததன் மூலம் ரேடார் வடிவமைப்பும், வழிகாட்டும் மென்பொருளும், ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களில் உற்பத்தித் தளங்களும் நாட்டின் கைக்கு வந்தன. கையிருப்பு குறைந்தால் வெளிநாட்டைக் கேட்காமல் மேலும் செய்துகொள்ளலாம். பின்னர் ஆர்மீனியாவுக்கு ஏற்றுமதியும் செய்யப்பட்டது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியும் கையாளப்பட்டது. இஸ்ரேலுடன் சேர்ந்து உருவாக்கிய பராக்-8 வகை நடுத்தர வீச்சு ஏவுகணை 2021 செப்டம்பரில் ஜெய்சல்மேரில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளிநாட்டின் அனுபவம் காலத்தை மிச்சப்படுத்தியது. உற்பத்தி உள்நாட்டிலும் நடக்கிறது.

நீண்ட தூரத்துக்கு மட்டும் கைவசம் எதுவும் இல்லாததால் 2018 அக்டோபரில் ரஷ்யாவுடன் ஐந்து எஸ்-400 தொகுதிகளுக்கு 543 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரஷ்ய ஆயுதம் வாங்குவோர் மீது தடை விதிக்கும் அமெரிக்கச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. இதே எஸ்-400ஐ வாங்கிய துருக்கி, எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, 2020 டிசம்பரில் தடைக்கும் உள்ளானது. இந்தியா தடையிலிருந்து தப்பியது. ஆனால் வேறொரு சிக்கலில் மாட்டியது. 2021 டிசம்பரில் வரத் தொடங்கிய தொகுதிகளில் மூன்று வந்து சேர்ந்த பின், உக்ரைன் போரில் ரஷ்யா மூழ்கியதால் மீதி இரண்டும் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. விற்கும் நாடு தானே போரில் இருந்தால் வாங்குபவரின் முறை பின்னால்தான் வரும்.

எண்ணிக்கையும் விலையும்

ஆகாஷ் பிரிவு ஒன்றில் நான்கு ஏவு வாகனங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஏவுகணைகள் என மொத்தம் 12 ஏவுகணைகள் தயார் நிலையில் இருக்கும். ஒரு ஏவுகணை இலக்கைத் தாக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இரண்டை ஏவும்போது அது 96 விழுக்காடாக உயரும். அதனால் ஒரு இலக்குக்கு இரண்டு ஏவுவது பரவலான வழக்கம். அப்படியானால் ஆறு இலக்குகளோடு பிரிவின் கை காலியாகும். மறுபடி ஏற்றும்வரை அது வெறும் வாகனம். அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைகளில் புதிய வகை ஒன்றின் விலை ஏறத்தாழ 40 லட்சம் டாலர். அதனால் வீழ்த்தப்படும் ட்ரோன் சில பத்தாயிரம் டாலர் மட்டுமே பெறுமானது. மலிவான ட்ரோன்களைக் கூட்டமாக அனுப்பி விலையுயர்ந்த ஏவுகணைகளைத் தீர்க்கச் செய்யும் உத்தி உக்ரைன் போரில் நாள்தோறும் காணக்கிடைத்தது.

2025 மே மாத மோதலில், மே 8–9 இரவில் மட்டும் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக இந்தியா தெரிவித்தது. அவற்றை எதிர்கொண்டதில் எல்-70, ஷில்கா போன்ற பழைய துப்பாக்கிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஏவுகணை யுகத்தில் பயனற்றவை என்று கருதப்பட்ட அவை, புதிய கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட பின் ட்ரோனுக்கு ஏற்ற மலிவான மருந்தாயின. அதே மோதலில் எஸ்-400 போர் விமானங்களை வீழ்த்தியதாக இந்திய விமானப்படைத் தலைவர் 2025 ஆகஸ்டில் கூறினார். பாகிஸ்தான் அதை மறுத்தது.

நின்ற இடத்தில் நின்றால்

ரேடார் இயங்கினால் அதன் அலையே அதன் முகவரியை எதிரிக்குச் சொல்லிவிடும். 1973 போரின் தொடக்கத்தில் எகிப்தின் ஏவுகணைகள் சூயஸ் கால்வாய்க்கு மேலே இஸ்ரேலிய விமானங்களைத் திணறடித்தன. ஆனால் அக்டோபர் 14 அன்று எகிப்தியப் படைகள் அந்த ஏவுகணைக் குடைக்கு வெளியே முன்னேறியதும் கடும் இழப்பைச் சந்தித்தன. ஒன்பது ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியா நிறுத்தியிருந்த 19 ஏவுகணைப் பிரிவுகளில் 17ஐ இஸ்ரேல் ஒரே நாளில் அழித்தது. அப்பிரிவுகள் நெடுநாள் ஒரே இடத்தில் நின்றிருந்தன. ஆளில்லா விமானங்களைப் போலி இலக்குகளாக அனுப்பி, ரேடார்கள் விழித்ததும் அவற்றைக் குறிவைத்தனர். மாறாக, 2022 பிப்ரவரியில் ரஷ்யத் தாக்குதலுக்குச் சற்று முன்பு இடம் மாற்றப்பட்ட உக்ரைனின் ஏவுகணைப் பிரிவுகள் பல தப்பிப் பிழைத்தன. எனவே அடிக்கடி இடம் மாற்றுவது, போலி வாகனங்களை நிறுத்துவது, பெரிய ஏவுகணைத் தொகுதியைக் காக்கச் சிறிய ஆயுதங்களை அருகில் வைப்பது ஆகியவையும் கொள்முதல் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

நம்மவரா, எதிரியா?

2019 பிப்ரவரி 27 காலை, பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள், காஷ்மீர் வானில் இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்ரீநகர் விமானத் தளத்தின் ஸ்பைடர் ஏவுகணை இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரையே வீழ்த்தியது. பட்காம் அருகே அது விழுந்ததில் விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைவர் இது பெருந்தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் டோர் ஏவுகணைகள் வீழ்த்தியதில் 176 பேர் மாண்டனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஏவுகணை தன் வேலையைச் சரியாகவே செய்தது. தவறியது அடையாளம் காணும் கருவியும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் ஏவுகணைப் பிரிவுக்கும் இடையிலான தொடர்பும், பதற்றத்தில் முடிவெடுத்த மனிதர்களும். நண்பரா பகைவரா என மின்னலையால் கேட்டறியும் கருவி ஒவ்வொரு விமானத்திலும் இருக்க வேண்டும், இயக்கத்தில் இருக்க வேண்டும். போர்ச்சூழலில் பயணிகள் விமானங்களுக்கு வான்பரப்பை மூடும் துணிவும் அரசுக்கு வேண்டும். ஈரான் அன்று மூடவில்லை.

2025 ஆகஸ்ட் 15 அன்று, முக்கிய இடங்களைக் காக்கும் 'சுதர்சன சக்கரம்' என்ற திட்டத்தை 2035க்குள் நிறைவேற்றப் போவதாக இந்தியப் பிரதமர் அறிவித்தார். அடுத்த வாரம், ஆகஸ்ட் 23 அன்று, ஒடிசா கடற்கரையில் விரைவு ஏவுகணை, மிகக் குறுகிய தூர ஏவுகணை, லேசர் ஆயுதம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டளை மையத்தின் கீழ் இணைத்து டி.ஆர்.டி.ஓ. சோதித்தது. எஸ்-400இன் இடத்தைக் காலப்போக்கில் நிரப்பக்கூடிய 'குஷா' என்ற உள்நாட்டு நீண்ட தூர ஏவுகணையும் உருவாக்கத்தில் உள்ளது.