வழக்கில் வென்றும் காணியை இழந்த குடும்பம்

ஒக்லண்ட், பேர்க்லி, அலமேடா, சன் லியாண்ட்ரோ ஆகிய இடங்களில் எம்மவர்கள் பலர் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்த நகரங்கள் இருக்கும் நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஒரே குடும்பத்தின் காணியாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

சொந்தக்காரர் லூயிஸ் மரியா பெரால்டா. 1776இல் டி அன்சா தலைமையில் வந்த குடியேற்றக்காரருடன், பெற்றோரோடு இளைஞனாக வந்தவர். பின்பு ஸ்பானியப் படையில் நாற்பது வருடமளவில் சேவை செய்தார். அதற்கு வெகுமதியாக 1820இல் ஆளுநர் சோலா அவருக்கு ‘ராஞ்சோ சன் அன்டோனியோ’ என்ற நிலத்தை வழங்கினார். சன் லியாண்ட்ரோ ஆறு தொடக்கம் வடக்கே அல்பனிக் குன்று வரை, ஏறத்தாழ 44,800 ஏக்கர். எங்கள் கணக்கில் ஏழு இலட்சம் பரப்புக்கு மேல்! ஆனால் ஸ்பானியர் வருமுன்பே அங்கு ஒலோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

பெரால்டா சன் ஹோசேயில் இருந்தார். மகன்மாரே இங்கு மாடு வளர்த்து, தோலையும் கொழுப்பையும் கப்பல்காரருக்கு விற்றார்கள். 1842இல் தகப்பன் காணியைப் பங்கிட்டார். டொமிங்கோவுக்கு பேர்க்லிப் பக்கம், விசென்டேக்கு ஒக்லண்ட், அன்டோனியோவுக்கு கிழக்கு ஒக்லண்டும் அலமேடாவும், இக்னாசியோவுக்கு சன் லியாண்ட்ரோப் பக்கம்.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. மெக்சிக்கோக்காரரின் சொத்துக்கு மதிப்பளிப்போம் என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டது. ஆனால் தங்கம் தேடி வந்த கூட்டம் வேலியில்லாத காணிக்குள் புகுந்தது. மாடுகளைச் சுட்டார்கள், மரங்களைத் தறித்தார்கள். 1850இல் மூன்று பேர் விசென்டேயின் கரையோரக் காணியில் குடியேறி, அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1852இல் அந்த இடமே ஒக்லண்ட் என்ற பட்டினமாயிற்று. மூவரில் ஒருவரான கார்ப்பென்டியர் 1854இல் அதன் முதலாவது மேயரானார்!

1851இல் வந்த சட்டம், பழைய காணிக்காரர் ஒவ்வொருவரும் ஆணைக்குழு முன் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்றது. ஸ்பானிய மொழிப் பத்திரங்கள், ஆங்கில நீதிமன்றம், சட்டத்தரணிக் கூலி, வரி, வட்டிக்கடன். பெரால்டாக்கள் வென்றார்கள். 1856இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் செலவுக்காகத் துண்டு துண்டாக விற்று வந்தார்கள். டொமிங்கோ 1865இலும் விசென்டே 1871இலும் காலமானார்கள். அவர்களது பங்குக்கான இறுதிப் பட்டயம் வந்ததோ 1877இல்!

ஒக்லண்ட் புரூட்வேல் பகுதியில் அன்டோனியோவின் 1870ஆம் ஆண்டு வீடு இன்றும் நினைவிடமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள்.

ஊரில் காணியை விட்டு வந்த நாங்களும் இதில் படிக்க வேண்டியது உண்டு. உறுதி பெட்டிக்குள் இருந்தால் மட்டும் போதாது. இலங்கைச் சட்டப்படி பத்து வருடம் தடையின்றி ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோரலாம். ஆகவே உறுதியின் பிரதியை இங்கே வைத்திருங்கள். காணியை யார் பார்க்கிறார்கள், எந்த நிபந்தனையில் இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தீர்ப்பு வரும்வரை காணி காத்திருக்காது.