பற்றாசும் தீக்குழலும்

இரு குறள் வெண்பாக்களை இணைக்குமிடத்து, முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி ஓசையைப் பொருத்துவதை யாப்பிலக்கணம் ‘ஆசு’ என்னும். பொன்னோடு பொன்னை ஒட்டும் பற்றாசே இவ்வழக்கிற்கு மூலம்.

முற்காலத்துப் பொற்கொல்லர் விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதிப் பற்றாசை உருக்கினர். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை முதலாக நகைத்தொழில் நிகழும் இடங்களில் இன்று அப்பணிக்கு உதவுவது எரிவாயுக் குழல். அதன் முனைத்துளையில் கரியோ, தெறித்த வெண்காரமோ அடைந்தால் சுடர் சாயும், பிளவுபடும், சில வேளை ‘பட்’டென்ற ஒலியுடன் குழலுக்குள்ளேயே திரும்பும். இஃது உயிருக்கு ஊறு தருவது; உடனே வாயுவை அடைத்தல் வேண்டும்.

துளையைத் தூய்மை செய்யுமுன் முனையை ஆறவிட்டுக் கழற்றுக. துளையினும் மெல்லிய கம்பியை நேரே செலுத்தி நேரே வாங்குக, திருகுதல் ஆகாது. செம்பு முனை மென்மையானது; துளை அகன்றாலோ கோணினாலோ சுடர் மீண்டும் செவ்வையாகாது. ஒட்டிய வெண்காரம் வெந்நீரில் ஊறக் கரையும். நன்கு உலர்த்திய பின்னரே முனையை மாட்டுக. இணைப்பில் சோப்பு நீர் தடவி, குமிழி எழாமை கண்டு தீ மூட்டுக.

ஈரசை கடந்த ஆசு யாப்பிற்கு ஆகாது. அளவு கடந்து அகன்ற துளை பற்றாசிற்கு ஆகாது.