பலவரிப் பட்டியலிற் பொருள் பிரிக்குமாறு

நூற்பட்டியல் ஒன்று பலர் கையாற் கணினியிற் பொறிக்கப்பட்டதெனக் கொள்க. ஒருவர் ‘ஆசிரியர் :’ எனத் தலைப்பிட்டு அவ்வரியிலேயே பெயரை எழுதுவர்; மற்றொருவர் ‘ஆசிரியர் பெயர் =’ என்றிட்டுப் பெயரை அடுத்த வரியில் வைப்பர்; பிறிதொருவர் நீண்ட பெயரை இரண்டு வரிகளிற் பரப்புவர். இத்தகைய பட்டியலினின்று நூலாசிரியர், பதிப்பாசிரியர் பெயர்களைப் பிழையின்றிப் பிரித்தெடுக்குமாறு ஈண்டு ஆராயப்படும். லாரி வால் என்பார் 1987-இல் வெளியிட்ட பெர்ல் என்னும் கணினிமொழி இதற்குப் பெரிதும் துணைசெய்யும். அதன்கண் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என வழங்குவது, தேடும் பொருளின் வடிவைச் சில குறிகளால் உணர்த்தும் தொடராம்.

பெர்ல் இயல்பாக வரி வரியாகவே படிக்கும். அங்ஙனம் படிப்பின், தலைப்பு ஒரு வரியினும் பெயர் மற்றொரு வரியினும் நின்று இயைபிழக்கும். ஆதலின் ‘$/’ என்னும் பதிவெல்லைக் குறியின் மதிப்பை வெறுமையான சரமாக்குக. ஆக்கவே, வெற்று வரிகளாற் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு நூற்பதிவும் ஒரு தொகுதியாய்க் கிடைக்கும்.

இனி, தொடரின் இறுதியிற் சேர்க்கும் குறிகளுள் இரண்டு அறிதற்பாலன. ‘எம்’ என்பது, ‘^’ குறியைத் தொகுதியின் முதலிலேயன்றி வரிதோறும் முதலிற் பொருந்தச் செய்யும். இதன் பயன் என்னை எனின், ‘பதிப்பு ஆசிரியர்’ எனப் பிரித்தெழுதிய வரியினுள்ளும் ‘ஆசிரியர்’ என்னுஞ் சொல் உண்டன்றே. வரிமுதல் என வரையறுத்தாலன்றி அதுவும் பொருந்திவிடும். ‘எஸ்’ என்பது, புள்ளிக்குறி வரிமுறிவையும் தன்னுள் அடக்கச் செய்யும். இவை வேறு வேறு தொழிலின. ஒருங்கே சேர்த்தலும் தகும்.

அற்றேல், ‘எஸ்’ சேர்த்து ‘(.*)’ என எழுதின் பெயர் முழுதும் கிடைக்குமன்றோ எனின், அற்றன்று. அது பெயரோடு நில்லாது பின்வரும் அனைத்தையும் தொகுதியின் இறுதிவரை கவரும். ‘(.*?)’ என்றாக்கின் இயன்ற அளவு குறைவாகக் கவரும், ஆயினும் அதன்பின் நிற்குமிடம் கூறாதொழியின் ஒன்றையும் கவராது. ஆகலின் ‘(?= )’ என்னும் முன்னோக்குக் குறியுள், அடுத்த தலைப்பாதல் தொகுதியின் முடிவாதல் என எல்லை வகுத்தல் வேண்டும். முன்னோக்கு எல்லையைக் காணுமேயன்றிக் கவர்ந்துகொள்ளாது.

இவையெல்லாம் அமைந்த வழியும் ஒரு பெரும்பிழை நேர்தல் கூடும். தேடியது பொருந்தாவிடத்துப் பெர்ல் ‘$1’ என்பதனை வெறுமையாக்காது. முன் பொருந்திய பெயரே அதன்கண் நிற்கும். ஒரு தொகுதியில் நூலாசிரியரைக் கண்டபின் பதிப்பாசிரியரைத் தேட, அப்பெயர் ஆண்டு இல்லையாயின், சோதியாது ‘$1’-ஐ எடுத்தார்க்கு நூலாசிரியரே பதிப்பாசிரியராய்க் கிடைப்பர். அதுவும் பெயரேயாதலின் காண்பார்க்கு ஐயந் தோன்றாது.

ஆதலின் ஒவ்வொரு தேடலையும் ‘இஃப்’ என்னும் நிபந்தனையுள் வைத்து, பொருந்தியவழியே பெயரைக் கொள்க. பொருந்தாத தொகுதிகளைத் தனியே எழுதுவித்துக் கண்ணாற் பார்த்துத் திருத்துக. விடுபட்ட இடத்தைப் பின்னர் நிரப்பலாம். மாறிப் புகுந்த பெயரோ அறியப்படாதே பட்டியலினின்று பட்டியலுக்குப் பரவும்.