நெஞ்சோடு சுமந்த பெயர்கள்



கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கேட்பதுண்டு: "சாமி, அங்கே தனியா இருக்கும்போது செபிக்கவே மனசு வரமாட்டேங்குது. என்ன செய்ய?"

இதற்கு விடை சொல்லத் தகுதியுள்ள ஒருவர் நம் கடற்கரையிலேயே நடந்திருக்கிறார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவரும் அந்நியரே. மொழி தெரியாது, உறவினர் இல்லை. தமிழ் அறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார்.

பின்னர் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து, 1546-இல் தம் சபைத் தோழர்களுக்கு மடல் எழுதினார். அவர்கள் தம் கடிதங்களில் கைப்பட எழுதியிருந்த பெயர்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகவும், அவை தமக்கு ஆறுதல் தருவதாகவும் அதில் கூறுகிறார். புனிதருக்கும் பிரிவு வலித்தது. அதை அவர் மறைக்கவில்லை.

ஆகவே, நீண்ட செபம் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்களை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லுங்கள், அதுவும் செபமே. வீட்டாரும் உதவலாம். இங்கே இரவு 8 மணிக்குக் குடும்ப செபமாலை தொடங்கும்போது துபாயில் மாலை 6.30. ஒரு தேவஇரகசியமாவது இரு கரையிலும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள்.

சவேரியார் ஊர் திரும்பவேயில்லை. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். செபம் தூரத்தைக் குறைப்பதில்லை. அந்தத் தூரத்திலும் ஆண்டவர் உடனிருக்கிறார் என்பதை உணர்த்துகிறது.

பனிமய அன்னை நம் பிள்ளைகளைக் காப்பாராக!