காசு கொடுத்து ஹீரோவை ஏற்றிய சான்ட்ரோ! சும்மா வந்து வில்லன் ஏறிய சுமோ!

குயிலாப்பாளையம்:

ஆரோவில் போகும் பாதையில் ஒரு வெள்ளை சுமோ கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றால் போதும். டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். யாரைத் தூக்க வந்திருக்கானுங்க என்றுதான் முதல் நினைப்பு ஓடும். கதவு திறந்தால் இறங்குவது பெரும்பாலும் பொண்ணு பார்க்க வந்த கூட்டம்!

இந்த பயத்தை அந்த வண்டிக்குக் கொடுத்தது போலீஸ் அல்ல. கோர்ட்டும் அல்ல. சினிமா!

பெரிய மனுஷன் பெயர்

சுமோ வண்டி 1994-ல் வந்தது. பெயரைக் கேட்டதும் ஜப்பான் நாட்டு குண்டு மல்யுத்த வீரர்களை நினைப்பவர்கள் பலர். அது தப்பு. டாட்டா லாரி கம்பெனியை வளர்த்து ஆளாக்கியவர் சுமந்த் மூல்காவ்கர். 1989-ல் காலமானார். அவர் பெயரை இங்கிலீஷில் எழுதி, இரண்டு பாதியிலும் முதல் இரண்டு எழுத்தை எடுத்து ஒட்டியதுதான் சுமோ.

டீசல் வண்டி. நெருக்கி உட்கார்ந்தால் பத்து பேர். பின்னாலும் ஒரு கதவு. மேல்மலையனூர் அமாவாசைக்கும், அவசரத்துக்கு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தோடு போக இதைவிட வசதி ஏது?

அந்த வசதிதான் வினையாகப் போனது! பத்து பேர் குடும்பமாக ஏறலாம் என்றால், பத்து பேர் அரிவாளோடும் ஏறலாமே! 2000-க்குப் பிறகு வந்த தமிழ், தெலுங்கு சண்டைப் படங்களில் அடியாட்கள் சுமோவில்தான் வந்தார்கள். வரிசையாக வரும். புழுதி கிளப்பும். நான்கு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். கடைசியில் ஒரு வண்டி ஆகாயத்தில் பறந்து வெடிக்கும். எந்தக் கம்பெனியும் கனவிலும் கேட்காத விளம்பரம் இது.

கேள்வி கேட்ட ஷாருக்கான்

சான்ட்ரோ கதை நேர் எதிர்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. மாருதி கொடி கட்டிப் பறந்த நேரம். ஹூண்டாய் என்ற கொரியா கம்பெனியை இங்கே யாருக்கும் தெரியாது. வண்டியோ குள்ளமாக இல்லாமல் நெட்டையாக நின்றது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

கம்பெனி ஷாருக்கானைப் பிடித்தது. சும்மா காரில் சாய்ந்து சிரிக்க விடவில்லை. அதில்தான் சாமர்த்தியம்! டெலிவிஷன் விளம்பரத்தில் கம்பெனிக்காரர் வந்து, எங்கள் காருக்கு நடியுங்கள் என்று கேட்பார். ஷாருக்கான் உடனே தலையாட்ட மாட்டார். நீங்கள் யார், உங்களை நான் எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்பார். ஜனங்கள் மனசில் இருந்த சந்தேகத்தை ஹீரோவே கேட்டுவிட்டார்! அவர் சம்மதித்தபோது பாதி ஊரும் சம்மதித்துவிட்டது. சில வருடங்களில் ஹூண்டாய் மாருதிக்கு அடுத்த இடத்துக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

இந்த மோகம் புதிதல்ல. 1973-ல் வந்த "பாபி" இந்திப் படத்துக்குப் பிறகு, அதில் ஓடிய குட்டி ராஜ்தூத் வண்டிக்கு "பாபி பைக்" என்றே பெயர் விழுந்தது. 2007 தீபாவளிக்கு வந்த "பொல்லாதவன்" படத்தில் தனுஷ் தொலைப்பது பல்சர். பைக் திருடு போவதைக் காட்டிய படம்தான் பையன்களுக்கு பைக் ஆசையையும் கிளப்பியது! வீட்டில் சண்டை போட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

கறுப்பு பேப்பர்

சினிமா கெத்துக்காக கண்ணாடியில் கறுப்பு பேப்பர் ஒட்டுகிறார்களே, அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2012 ஏப்ரல் 27-ல் சுப்ரீம் கோர்ட் இதற்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமும் போக வேண்டும் என்பது விதி. மேலே பேப்பர் ஒட்டி இருட்டாக்கக் கூடாது. பிடித்தால் அபராதம். பேப்பரையும் அங்கேயே கிழித்து எடுப்பார்கள்.

புதுச்சேரி எல்லை ஓரமான இந்தப் பகுதியில் மது கடத்தல் சோதனை சகஜம். உள்ளே யார், என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியைக் கை காட்டாமல் விடுவார்களா? கல்யாணப் பார்ட்டி ரோட்டில் நிற்க, முகூர்த்த நேரம் போனால் வாடகை யார் கொடுப்பது?

துரு

சுமோ தயாரிப்பு 2019-ல் நின்றது. இனி கிடைப்பதெல்லாம் கை மாறிய பழைய வண்டிதான். வாடகைக்கு ஓட்டலாம் என்று நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள் சக்கரத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்து மயங்கினால் ஆபத்து. மரக்காணம் உப்பளக் காற்று இரும்பைத் தின்னும் காற்று. மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே சட்டம் பொருபொருவென்று உதிரும்.

எனவே மெக்கானிக்கை கூட்டிப் போய், வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகம், எப்.சி., இன்சூரன்ஸ் மூன்றிலும் தேதி பார்க்க வேண்டும். பழைய முதலாளி கட்டாமல் விட்ட அபராதம் நம்பர் மீது நிற்கிறதா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.