சோதனையை இனங்காண்போம்

சோதனை என்றதும் கொலை, களவு போன்ற பெரும் பாவங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஊரையும் வயலையும் விட்டு வந்து கொட்டிலில் வாழும் குடும்பத்திடம் அது நியாயம் பேசிக்கொண்டே வருகிறது. "வேறிடம் போனவரின் பெயரை நிவாரண அட்டையில் விட்டுவைத்தால் யாருக்கு நட்டம்?" "கவலை மறக்க இன்றைக்கு மட்டும் கொஞ்சம் கசிப்பு." "விதைக்கக் காணியே இல்லை, விதைநெல் எதற்கு?"

சோதிக்கப்படுவது பாவமன்று, இயேசுவும் சோதிக்கப்பட்டார். பிள்ளைகள் பட்டினி கிடக்கையில் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதும் பாவமன்று. அதை விற்றுக் குடிப்பதே வீழ்ச்சி. தேவையையும் சோதனையையும் பிரித்தறிவதே முதற்படி.

மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுவின் பசியைக் காட்டியே அலகை பேச்சைத் தொடங்குகிறது. இயேசு மூன்று முறையும் இணைச்சட்ட நூலின் வார்த்தைகளைக் கொண்டே மறுமொழி கூறினார். அவை, நாற்பது ஆண்டுகள் சொந்த நிலமின்றிப் பாலைநிலத்தில் அலைந்த மக்களுக்குச் சொல்லப்பட்டவை.

1521இல் போரில் காயமுற்ற வீரரான லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், 1548இல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் நமக்கு உதவும் மூன்று அறிவுரைகளைத் தருகிறார்.

1. கோட்டையைத் தாக்கும் தளபதி வலுக்குறைந்த சுவரையே தேடுவான். சோதனையும் அப்படியே. நமது பலவீனம் எதுவென அறிந்து அங்கே காவல் வைக்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர் கூலி கிடைக்கும் நாளில் தனியே சந்தைக்குப் போகாதிருப்பது நல்லது.

2. சோதனை இரகசியத்தை விரும்பும். பங்குத்தந்தையிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அதைச் சொல்லிவிட்டால் அதன் பலம் குறைந்துவிடும்.

3. மனம் சோர்ந்திருக்கும்போது, தெளிவான வேளையில் எடுத்த நல்ல முடிவை மாற்றலாகாது. பிள்ளையின் படிப்பை நிறுத்தவோ இருக்கும் நகையை விற்கவோ தோன்றினால் ஓரிரவு பொறுங்கள், செபியுங்கள், கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள்.

கமக்காரருக்கு இது புதிதன்று. வரம்பில் நண்டு வளையைக் கண்டவுடன் அடைத்தால் ஒரு பிடி சேறு போதும். விட்டுவைத்தால் வரம்பே உடையும். உடைந்தாலும் நாம் வயலைக் கைவிடுவதில்லை. மறுநாளே மண்வெட்டியோடு இறங்குகிறோம். விழுந்தவர்களும் அப்படியே எழுந்து ஒப்புரவு அருட்சாதனத்தை நாடலாம். இறைவனின் இரக்கத்திற்குக் காலபோகம், சிறுபோகம் என்ற வேறுபாடு இல்லை.