மங்கலதேவி மலைக்கு ஒரு நாள் பயணம்

நம் தேனி மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில், கடல்மட்டத்திற்கு 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டினுள் அமைந்திருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டு முழுவதிலும் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள்தான் அங்கே மக்களை அனுமதிப்பர். அன்று தவறவிட்டால் மறு சித்திரை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இப்பயணத்திற்குத் திட்டமிடல் மிக அவசியம்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 2024-இல் அந்நாள் ஏப்ரல் 23. 2025-இல் மே 12. பெரும்பாலும் கோடை விடுமுறையையொட்டியே வருவது மாணவியராகிய நமக்கு நல்லதாயிற்று. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் அதே நாட்களில் வந்துவிட்டால் தேனி–கம்பம் சாலையில் நெரிசலைச் சொல்லி முடியாது.

மலையேற இரண்டு வழிகள் உள்ளன. குமுளியிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. ஜீப் பாதை, அனுமதி பெற்ற ஜீப்புகள் மட்டுமே செல்லலாம், இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவிற்கும் இடமில்லை. மற்றொன்று கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஏறத்தாழ ஆறரை கி.மீ. நடைபாதை. முழங்கால் வலியுள்ள பாட்டியோ அத்தையோ உடன் வந்தால் ஜீப்தான் சரி; வரிசையில் பல மணி நேரம் நிற்கவும் மனம் வேண்டும். மற்றவர்களுக்கு நடையே மேல் என்பது என் எண்ணம்.

வழக்கமாகக் காலை 6 மணிக்கு அனுமதி தொடங்கும். பிற்பகல் இரண்டரைக்கு மேல் ஏற விடமாட்டார்கள். மாலைக்குள் எல்லாரும் இறங்கியாக வேண்டும். கடமலைக்குண்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் தேனியில் பேருந்து மாறிக் கூடலூர் சேர எட்டாகிவிடும். பளியன்குடியில் ஒன்பது மணி. ஏற மூன்று மணி நேரம் என்றால் உச்சி வெயிலில் கோயிலை அடைவோம். மேற்பகுதி புல்வெளி, நிழலுக்கு ஒரு மரமும் இராது. அதனால் முந்தின மாலையே கூடலூரிலோ கம்பத்திலோ உறவினர் வீட்டில் தங்கி, கருக்கலில் ஏறுவதே உத்தமம்.

புளிச்சோற்றை எவர்சில்வர் தூக்கில் எடுத்துச் செல்லலாம். பிளாஸ்டிக் பைகளையும் சிறு தண்ணீர் பாட்டில்களையும் வனத்துறையினர் வாங்கி வைத்துவிடுவர். அசைவத்திற்கும் அனுமதியில்லை. பிற்பகலில் கோடை மழை பிடிக்கக்கூடும். குடை வெயிலுக்கும் ஆகும்.

மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரை வழியே நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடியில் விண்ணேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அக்குன்றம் இதுவே என்பர் பலர்; திருச்செங்கோடு என்பாரும் உளர். தேனிக்கருகே வைகையோடு முல்லையாறு கூடுகிறது. அந்த இடத்தில் அவள் மேற்கே முல்லையாற்றோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பாமல் நேரே வந்திருந்தால் நம் ஊர் மூல வைகைக்கல்லவா வந்திருப்பாள்!

சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிப் பத்தினிக்குக் கோயில் எடுத்ததாகவும், இலங்கைக் கயவாகு மன்னன் அங்கு வந்திருந்ததாகவும் அந்நூல் கூறும். இலங்கையில் சிங்கள மக்களும் இன்றுவரை பத்தினித் தெய்வத்தை வணங்குகின்றனர். மலைமேல் நாம் காண்பதோ சரிந்த மதில்களும் சிதைந்த கற்களுமே. இரு மாநிலங்களும் உரிமை கோரும் இடமாதலால், விழாவிற்கு முன்பு தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்வர். பெண்கள் பொங்கலிட்டு, மஞ்சள் கயிறும் வளையலும் பெற்று வருவர்.

ஜப்பானிலும் பழைமையான மலைக்கோயில்கள் பல உண்டு. அவற்றில் பெண்களுக்கிருந்த தடையை 1872-இல் அந்நாட்டு அரசு நீக்கியது. ஆயினும் நாராப் பகுதியிலுள்ள ஓமினே மலையுச்சிக்கு இன்றும் பெண்கள் ஏற முடியாது. நம் மலையிலோ தெய்வமே ஒரு பெண். ஏறுவோரிலும் பெண்கள் ஏராளம்.

தரிசனம் முடிந்ததும் கீழ்ப்புற விளிம்பில் சற்று நிற்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் விரித்த பாய்போல் தெரியும். இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால் ஐந்து மணிக்குக் கூடலூரில் பேருந்து ஏறி, இரவுச் சாப்பாட்டிற்கு வீடு வந்து சேரலாம்.